ஃப்ரீ சைஸும் ஓர் ஊக்கும்

என் உயரத்தைக் கேட்டால் ஐந்தடி என்பேன். அதில் கொண்டையும் சேர்த்தி. இலுப்பூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஊசி போட வருகிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரிய சிஸ்டர் இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் அந்தப் பெரிய சிஸ்டர்.

கொரோனா வந்த வருஷம் எங்களுக்குப் பாதுகாப்பு உடை கொடுத்தார்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே உடுப்பு, முன்னால் ஜிப். பெட்டியில் 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருந்தது. எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் நல்ல உயரம். அவர் மாட்டிக்கொண்டதும் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நான் மாட்டியதும் கவட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது, கை இரண்டும் உள்ளே எங்கேயோ தொலைந்துபோயின. காய்ச்சல் முகாமுக்கு வந்த ஓர் ஆத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இருக்கா, இல்ல காயப் போட்டிருக்கா?" என்று கேட்டது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த முகாமில் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தவர்கள் எல்லோரும் பெண்கள். வரிசையை ஒழுங்கு பண்ண நின்ற இன்ஸ்பெக்டர் மட்டும்தான் ஆண். உடை மட்டும் அவருக்குத் தகுந்த மாதிரி வந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு உடைதான், கழற்றினால் அவ்வளவுதான். அவருக்கு அவசரமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் ஜிப்பை இறக்கினால் முடிந்தது. நாங்கள் கழுத்திலிருந்து உரிக்க வேண்டும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். 'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்று வருகிறவர்களுக்கெல்லாம் வறண்ட நாக்கோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலை கட்டுகிறவளுக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் கை முதலில் தேடுவது ஊக்கைத்தான். நானும் உடுப்பை இடுப்பில் கொசுவம் மாதிரி மடித்து, நாலு பக்கமும் ஊக்குக் குத்தினேன். என்ன பிரமாதமாக நின்றது தெரியுமா! மற்ற நர்ஸுகளுக்கும் நானே குத்திவிட்டேன். துளிகூட உள்ளே இறங்கக் கூடாத உடுப்பில் ஓட்டை போடுகிறோம் என்பது, கிருமி எப்படிப் பரவும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பெடுத்த இந்த மேதாவிக்கு உறைக்கவே இல்லை.

அந்த மாதமே எனக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்தால் பாசிட்டிவ். மாடி அறையில் தனியாகப் படுத்திருந்தபோது வட்டார மருத்துவ அலுவலர் போன் செய்தார்.

"ஊக்கு குத்தினீங்களாமே? வைரஸுக்கு வாசல் வச்சுக் குடுத்திருக்கீங்களேம்மா!"

இருமிக்கொண்டே நானும் சிரித்தேன். ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. ஏன் குத்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்கிடையே என் வீட்டுக்காரர் கீழே ரசம் வைத்தார். அவர் ரசம் வைத்ததைத் தெருவே மெச்சியது. ஒருத்தி காய்ச்சலில் கிடக்கிறாள் என்பது ரசத்துக்கு அப்புறம்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

குணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று, எனக்குப் பதிலாக வந்திருந்த புதுப் பெண்ணைப் பார்த்தேன். ஒப்பந்த நர்ஸ், கல்யாணமாகி வீட்டில் கைக்குழந்தை. என்னையும் விடக் குட்டை. அந்த உடுப்புக்குள் தடுமாறிக்கொண்டே என் சேலைத் தோளில் இருந்த ஊக்கைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு ஊக்கு இருந்தாக் குடுங்கக்கா."

கை தோளுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. என்னை நானே கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்ததில், அடுத்தவளும் இதே உடுப்புக்குள் நிற்கப்போகிறாள் என்பது புத்தியில் ஏறவே இல்லை. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் கைக்குழந்தை என்ன ஆகும்?

அன்று மத்தியானம் வட்டார ஆபீஸில் கூட்டம். புது உடுப்பு ஒன்றை மடிக்காமல், சுருக்காமல் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். வாசற்படியில் தடுக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டமே சிரித்தது. அலுவலரும்தான்.

"சார், இன்னைக்கு ஊக்கு குத்தல. வாசல அடைச்சிட்டேன். ஆனா நடக்க முடியல."

"சரிம்மா, மொதல்ல உக்காருங்க."

"சின்ன சைஸ் வாங்கிக் குடுங்க சார், உக்காருறேன். அந்தப் புள்ள என்னையவிடக் குட்டை. அதுக்குக் காய்ச்சல் வந்தா யாரச் சொல்லுவீங்க? ஊக்கையா?"

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உள்ளே வியர்த்து ஊற்ற, கூட்டம் முடியும்வரை நின்றேன்.

சின்ன சைஸ் வரத்தான் செய்தது, கொஞ்சமாக. கைக்குழந்தைக்காரிக்கு முதலில் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பழைய ஃப்ரீ சைஸ்தான், இடுப்பைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

அடுத்த முகாமில் அவள் அந்த உடுப்பில் விறுவிறுவென்று நடந்து வந்தாள். "ஊக்கே வேணாம்க்கா, பாருங்க!" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. அந்த உடுப்பில் கண்ணைத் துடைக்க வழியே கிடையாது.

"என்னக்கா, சிரிக்கிறீங்களா?"

"ஆமா" என்றேன்.