ஏலாதவர் பைப்பு

பொதுச்சேவைக்கு வருகிறவனுக்குத் தடித்த தோல் வேண்டும், கனத்த குரல் வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டு கால் வேண்டும் என்று ஒருவரும் சொல்லாததால் நானும் வந்துவிட்டேன். ஊருக்கு உழைத்து உடம்பையும் பெயரையும் கெடுத்துக்கொண்ட என் இனத்தாரே, இதைப் படியுங்கள். உங்களைவிட மோசமாக மாட்டிக்கொண்டவன் ஒருவன் திருகோணமலையில் இருக்கிறான் என்று தெரிந்தால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஏலம் கொண்டு வந்தவன்

சேலத்துக்குக் கிழக்கே, கடலைப் படத்தில்கூடப் பார்க்காத ஊர் என்னுடையது. உலகச் சண்டை தொடங்கச் சில வருஷம் முந்தி, துறைமுகத்தில் கூலி அதிகம் என்று எவனோ சொன்னதை நம்பி வந்து இறங்கினேன். முதல் நாள் கரிக்கப்பலடியில் வரிசையில் நின்றபோது கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்து, "உன்னால ஏலுமோ?" என்றார். எங்கள் பக்கத்தில் 'முடியுமா' என்போம். 'ஏலும்' என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. ஏலக்காய் ஒளித்துக் கொண்டுவந்தேனா என்று சோதிக்கிறார் என நினைத்து, மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன். "சாமி, ஏலமெல்லாம் இல்லீங்க, பொரிமாவுதான் இருக்கு" என்றேன். அன்றிலிருந்து இரண்டு வருஷம் துறைமுகத்தில் என் பெயர் பெருமாள் அல்ல, ஏலம்.

இரண்டாம் வருஷக் கடைசியில் பாரந்தூக்கியின் கம்பி அறுந்து என் இடது காலை நசுக்கியது. முழங்காலுக்கு மேல் வெட்டினார்கள். வெட்டிய காலை ஆஸ்பத்திரியின் பின்வளவிலேயே புதைத்தார்கள். நான் வெட்கமில்லாமல் பத்து நாள் அழுதேன். பிறகு ஒரு ஊன்றுகோலைச் செய்துகொண்டு, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதும் உண்டா என்று கேட்கக் கங்காணியிடம் போனேன். அவர் இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை, கீழே மட்டும் பார்த்தார்.

"இப்ப கேக்கத் தேவையில்லை. ஏலாது எண்டு பார்த்தாலே தெரியுது."

குழியடி வீரன்

சண்டை வந்தது. ஒழுங்கைக்கு (எங்கள் ஊரில் சந்து என்போம்) ஒரு காவலர் வேண்டும், விமானம் வந்தால் அவர் விசில் ஊதிச் சனங்களைப் பதுங்குகுழிக்குள் இறக்க வேண்டும் என்று உத்தரவு. புத்தியுள்ளவர்கள் எல்லாரும் தோப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர்களில் ஓட முடியாதவன் நான் ஒருவன்தான் என்பதால், காவல் நிலையைவிட்டு ஓடமாட்டேன் என்று முடிவுகட்டி, இரும்புத் தொப்பியையும் விசிலையும் என்னிடம் தந்தார்கள். என் பொதுவாழ்வு அப்படித்தான் ஆரம்பமானது.

ஜப்பான்காரன் வந்த அன்று காலையில் சங்கு ஊதியதும் எல்லாரையும் முந்திக்கொண்டு குழிக்குள் இறங்கப் போனேன். அவசரத்தில் ஊன்றுகோல் கைதவறி உள்ளே விழுந்துவிட்டது. இறங்கவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. குழியின் விளிம்பில் குந்திக்கொண்டு அழுதேன். வாயில் விசில் இருந்ததால் அழுகை விசிலாக வெளியே வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் குழிக்கு வந்து சேர்ந்தது. குண்டு ஓய்ந்ததும் என்னைப் பெரிய வீரனாக்கிவிட்டார்கள். உண்மை தெரிந்தவள் தங்கம்மா ஒருத்திதான். சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்து எங்கள் ஒழுங்கைக்கு வாழ்க்கைப்பட்டவள், மீன் விற்கிறவள். எனக்கும் முந்தியே குழிக்குள் இறங்கியிருந்த அவளுடைய தலையில்தான் என் ஊன்றுகோல் விழுந்திருந்தது. தலையைத் தடவிக்கொண்டே அதைத் திருப்பித் தந்தாள்.

"பயம் எண்டது காலுக்குள்ளதான் இருக்குது போல. அதுதான் பெருமாளண்ணைக்குப் பாதி."

காலுக்கு வாக்கு

எங்கள் ஒழுங்கைக்கு இருந்த ஒரே நல்ல கிணறு, படைக்காரர் வேலி போட்டு எடுத்த காணிக்குள் போய்விட்டது. பெண்கள் ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். நகரசபையின் தண்ணீர்க் குழாயோ பெரிய தெருமுனை வரைக்கும் வந்து, எங்கள் ஒழுங்கையைக் கண்டதும் நின்றுவிட்டது. ஒருநாள் தங்கம்மாவின் மகள், நிறைமாதக்காரி, குடத்தோடு விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதுவரை தொப்பியும் விசிலும் எனக்கு ஒரு விளையாட்டாகத்தான் இருந்தன. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

வீரன் என்று பெயரெடுத்தவன் நீதானே, போய்க் கேள் என்று அனுப்பினார்கள். சபைக் கிளாக்கர் மனுவை வாங்கவே இல்லை. வாக்குள்ளவர்தான் மனுக் கொடுக்கலாமாம். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு வாக்கு வேண்டுமென்றால், இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவன் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டுமாம். அத்தாட்சிக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். "என் காலையே இந்த மண்ணுல புதைச்சிருக்கேனுங்க. மிச்சத்தையும் இங்கதான் புதைப்பாங்க. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றேன். அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, மெய்யாகவே யோசித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"அப்ப காலுக்கு வாக்குப் பதியலாம். உமக்கு ஏலாது."

இரண்டு கால் உள்ளவர்

கிண்ணியாவிலிருந்து தோணியில் விறகு கொண்டுவந்து விற்கும் ஹனீபா காக்கா (காக்கா என்றால் இங்கே அண்ணன்) இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். மறுநாள் போய், கிளாக்கருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினார். பெருமாளை எனக்குத் தெரியும், அவர் இங்கேயே இருக்கிற ஆள், நான் கையெழுத்து வைக்கிறேன் என்றார். இதையே நாலு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் காக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிளாக்கர் என் பெயரைப் பதிந்தார். வெளியே வந்த காக்கா, கேட்கிற இடத்தில் நிற்கவே இவ்வளவு பாடு என்றால் கொடுக்கிற இடத்திலேயே போய் இருந்துவிடலாமே என்றார். அந்த வருஷம் வட்டாரத் தேர்தல். காக்காவின் விறகு மேடையில் நின்று ஓட்டுக் கேட்டேன்.

எதிரே நின்றவர் பழைய மெம்பர், காரில் வருகிறவர். கூட்டத்தில், "நடக்கவே ஏலாதவர் வட்டாரத்தை எப்படி நடத்துவார்?" என்று கேட்டார். சனம் சிரித்தது. நல்ல பகிடிதான், நானும் சிரித்துவிட்டேன். தங்கம்மா சிரிக்கவில்லை. மீன் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது.

"இவ்வளவு காலமும் ரெண்டு காலை வச்சிருந்த நீங்கள் எங்கட ஒழுங்கைக்கு ஒருநாளும் நடந்து வரேல்லையே, ஐயா."

பதினெட்டுப் படி

வென்றபிறகுதான் தெரிந்தது, சபை கூடுவது மேல்மாடியில். பதினெட்டுப் படி. தூக்கிவிட ஆள் இல்லை; படிக்கட்டுப் பக்கம் வந்த மற்ற மெம்பர்மார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என்னைக் கடந்து ஏறினார்கள். நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் ஏறினேன். பதினோராம் படியில் இருக்கும்போது மேலே என் குழாய்ப் பிரேரணையை வாசிப்பது கேட்டது. இதோ வருகிறேன் என்று கத்தினேன். முன்மொழிகிறவர் சபையில் இல்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். நான் வேர்த்து விறுவிறுத்து உள்ளே போனபோது தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சபைத் தலைவர் என்னை மிகவும் அன்பாக விசாரித்தார்.

"ஏலாதெண்டா நீங்கள் வரத் தேவையில்லை. உங்கட வேலையையும் நாங்களே பார்ப்பம்."

எதைத் தூக்குவது

அடுத்த மாதம் காவலாளி கதவு திறந்த கையோடு போய் ஏறினேன். பத்து மணிக்கு அவர்கள் வந்தபோது நான் தலைவருக்கு நேரெதிர்க் கதிரையில், ஹனீபா காக்கா வீட்டுப் பிட்டைத் தின்று முடித்து, கை கழுவி உட்கார்ந்திருந்தேன். பிரேரணையை வாசித்தேன். அதற்குப் பணம் இல்லை, இரும்பு இல்லை, சண்டை முடியட்டும் என்று தலைவரோடு சேர்த்து எட்டுப் பேரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அந்த எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். துறைமுகக் கூலி குடித்த கோப்பையை மூன்று தரம் கழுவினாலும் தொடாத ஆட்கள். ஆகவே எழுந்து நின்று பணிவாகச் சொன்னேன்: "குழாய் கிடைச்சா நானே எப்படியாவது இறங்கிப் போயிடுவேனுங்க. கிடைக்கலைன்னா இங்கிருந்து அசைய எனக்கு ஏலாது, நீங்க எல்லாரும் சேர்ந்து தூக்கித்தான் இறக்கணும். ஒண்ணு என்னைத் தூக்குங்க, இல்லைன்னா கையைத் தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வேட்டியில் ஒட்டியிருந்த படித் தூசியையும் பார்த்தார்கள். பிறகு எட்டுக் கையும் மேலே போயின. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏகமனதாகப் பாஸ். இனி நீங்கள் ஆறுதலா, மெதுவா இறங்குங்கோ."

பைப்படி

குழாய் வந்தது. இரண்டு வாரம் கழித்துத் தண்ணீரும் வந்தது. முதல் குடத்தைத் தங்கம்மாவின் மகள்தான் பிடித்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன், பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அன்று வாயில் விசிலும் இல்லை. திறந்துவைத்ததாகத் தலைவரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பக்கத்தில் நட்டார்கள். ஒழுங்கையில் அதை ஒருவரும் வாசிப்பதில்லை. தங்கம்மா மீன் வாங்க வருகிறவர்களுக்கு வழி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

"நேரா வாங்கோ, ஏலாதவர் பைப்பு எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம்."

ஒரு காலைக் கம்பி கொண்டுபோயிற்று, மிச்சம் இருக்கிற ஒற்றைக் காலை வாரிவிடச் சபையில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள் என்பதுதான் பொதுவாழ்வில் நான் கண்ட முன்னேற்றம்.