ரொட்டிக்கடைக்காரியின் கடைசிப் பகுதி

எங்கள் வீட்டில் சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்கள் யாருமே கிடையாது. தாராவியில் ஒரே அறை, அதற்கு மேல் ஏணி வைத்து ஏறும் பலகை மாடி. இதற்குள் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, எல்லோருக்கும் கடைக்குட்டியாக நான். படம் ஓடும் நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசும் நேரம்தான் எங்களுக்கு எப்போதும் அதிகம்.

மாமா கோரேகாவ் ஸ்டூடியோக்களில் படப்பிடிப்புகளுக்கு செட் போடும் தச்சர். ஆகவே திரையுலகமே தன் சுத்தியலில்தான் நிற்கிறது என்பது அவர் எண்ணம். "முன்னயெல்லாம் அரமன போடும்பான், கோயில் போடும்பான். இப்ப வாரவன் ஒரு பச்சத் துணியக் கெட்டிட்டுப் போடேங்கான். மிச்சத்தக் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிடுவானாம். சீரிஸ்காரன் அதுக்கு மேல. ஒரு போலீஸ் ஸ்டேஷன் போட்டுக் குடுத்தா போதும், வருசக் கணக்கா அதுக்குள்ளயே ஓட்டுதான்" என்று சலித்துக்கொள்வார்.

அப்பாவுக்குத் தோல் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை. அவருக்குத் தொடரோ படமோ, எதுவானாலும் இடைவேளை வேண்டும். சரியாகப் பாதியில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவார். திரையில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தாலும் அவன் அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். "சாயா குடிக்காம மனுசன் படம் பாப்பானா? ஜல்தி எதுக்கு? அவன் எங்கயும் போவ மாட்டான்" என்பார். அம்மா வேறு ரகம். முடிவு தெரியாமல் அவளால் எதையும் பார்க்க முடியாது. "யாரும் செத்துப் போவாங்களா? மொதல்ல அதச் சொல்லு, பொறவு உக்காருதேன்" என்பாள். கடைசிப் பகுதியை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து அவளுக்குச் சேதி சொல்வது என் வேலை.

இந்தப் பெரிய டிவியையும், அதில் உலகத்துத் தொடரெல்லாம் வரும் ஏற்பாட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் அக்கா. வேலைக்குப் போன புதிதில் அவள் செய்த முதல் காரியம் அதுதான். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு புரொஃபைல் உண்டாக்கி, அதற்கொரு படமும் வைத்தாள். அப்பாவுக்குத் தொப்பி போட்ட கரடி. அப்பாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பிறகு அக்கா தன்னுடன் வேலை பார்த்த மராட்டிக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு விக்ரோலிக்குப் போய்விட்டாள். "இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல வரப்படாது" என்றார் அப்பா. வரவில்லை. டிவியில் இருக்கும் அவள் பெயரையும் எடுத்துவிடு என்று மாமா சொன்னார். அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே அழித்தேன். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சயான் ஸ்டேஷனிலிருந்து விக்ரோலி ஒன்றும் வெளிநாடு இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் ரயில் ஏறவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா தவறுதலாக அப்பாவின் கரடிப் படத்தை அமுக்கிவிட்டார். பாதியில் விட்ட படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் முதலாவது ஒரு கொரியத் தொடர். ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், அவள் பின்னால் சுற்றும் இரண்டு பையன்கள், எந்நேரமும் மழை. எவ்வளவு பார்த்திருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு அதன் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா துள்ளி எழுந்தார். "அத்தான்! எவனோ சோர், களவாணிப் பய, நம்ம கணக்குக்குள்ள பூந்துட்டான். உங்க பேர்ல கொரியாக்காரன் லவ் சீரியல் பாக்கான். ஏ பிள்ள, பாஸ்வேர்ட மாத்து!"

நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டேன். அப்பா சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாத்தாத. நான்தான் பாக்கேன்."

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. வாழ்நாளெல்லாம் சண்டைப் படம் பார்த்த மனிதர்! "அப்பிடின்னா கதையச் சொல்லுங்க பாப்போம்" என்று சவால் விட்டார்.

அப்பா அசரவில்லை. "அந்தப் புள்ள தனியா ரொட்டிக்கட நடத்துதா. பணக்காரப் பயலோட தாயி கடைய மூடப் பாக்கா. இன்னொருத்தன் மாவு மூட்ட எறக்க வாரவன், நல்ல பய. ஆனா வந்த நாள்லருந்து மழையிலயே நிக்கான். ஒரு குடை வாங்கப்படாது?" என்று மடமடவென்று ஒப்பித்துவிட்டு, கொரியாவில் மாவு பிசையும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா போனில் அதைத்தான் பார்க்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

அன்றிலிருந்து தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா என்னிடம் கேட்பார், "எதுவரைக்கும் வந்திருக்கு பாரு." நான் கரடியை அமுக்கி, சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சொல்வேன். மறுநாள் அவர் சரியாக அதுவரை பார்த்துவிட்டு வருவார். தான் பார்க்கும் தொடரைத் தானே எதுவரை பார்த்தோம் என்று என்னிடம் கேட்கிறாரே, வயதாகிறது, மறதி வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அக்காவின் போனில் எங்கள் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது என்பது அப்போது எனக்கு எட்டவில்லை. அப்பாவுக்கு எட்டியிருந்தது.

கடைசிக்கு முந்தின பகுதியில் அந்தக் கோடு நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம், அதற்கு மேலும்.

"நகந்துச்சா?"

"இல்லப்பா."

அப்பாவுக்கு எதிலும் மனம் ஓடவில்லை. தைத்த பெல்ட்டைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. "ஒரே ஒரு எபிசோடுதானப்பா, நான் போடட்டா?" என்றேன். அவர் அப்படி என்மேல் எரிந்து விழுந்ததே இல்லை. "அத யாரும் தொடப்படாது!" ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தொடரின் முடிவை மட்டும் அம்மா என்னிடம் கேட்கவேயில்லை. விளக்கேற்றும்போது ஒரு தடவை, "இன்னும் நகரலயா?" என்று மெல்லக் கேட்டாள், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் கரடியை அமுக்கியதும் வரிசையில் முதலாவதாகப் புதுப்படம் ஒன்று வந்து நின்றது. தூங்கி வழியும் ஒரு நிலா, பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். மராட்டியில் தாலாட்டுப் பாட்டு.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தான், ரொட்டிக்கட போயி இப்பத் தாலாட்டா? அதுவும் மராட்டியில! இதயும் நீங்கதான் பாத்தியளா?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமால" என்றார். "நான்தான் பாத்தேன்."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து அந்த நிலாவைப் பார்த்தாள். திரும்பிப் போய், பாதி வெந்த சோற்றோடு அடுப்பை அணைத்தாள். அதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் சிரிப்பு நடுவில் நின்றது. எதற்கு எல்லோரும் புறப்படுகிறோம் என்று நான் கேட்டேன். அம்மா என் தலையை இழுத்து, வலிக்க வலிக்கச் சீவிவிட்டாள்.

ரயிலில் கூட்டம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். விக்ரோலியில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல், ஒரு சந்தில்கூடத் தயங்காமல், நேராக ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

கதவைத் திறந்தது அக்கா. காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், முகம் வெளுத்திருந்தது. உள்ளே தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் அவளை விலக்கிக்கொண்டு, பாட்டு வந்த அறைக்குள் போய்விட்டாள். அப்பா வாசலிலேயே நின்றார். ரயிலில் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அந்த ரொட்டிக்கடப் புள்ள... கடைசில யாரக் கெட்டுனா?"

"தெரியாதுப்பா" என்றாள் அக்கா. "நான் இன்னும் பாக்கல."

"நானும் பாக்கலம்மா."

சொல்லிவிட்டு அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு பேரும்தான் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லையே, கதை எப்படி முடிகிறது என்றே தெரியாமல் எதற்கு இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.