வடிவில்லாத துவக்கு

நான் பல் செய்கிறவள். கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில், பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, உடைந்த பல்லின் மேல் போடும் தொப்பிகளைச் செய்யும் கூடத்தில் வேலை. நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பல்லையும் தூரிகையால் வளர்ப்போம். பீங்கான் குழைவை மெல்லிய படலம் படலமாய் வைத்துச் சூளையில் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி வைப்போம். இப்போது மெஷின் ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து தள்ளுகிறது. கையால் செய்ததுதான் உயர்வு என்று யாராவது என் முன்னால் உருகினால் எனக்குச் சிரிப்பு வரும். மெஷின் பல் அச்சொட்டாய்ப் பொருந்துகிறது. அப்பிள் கடிக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிஸ்டல் என்று வந்தபோது இந்த ஞானமெல்லாம் எந்தக் கதவால் வெளியே போனதென்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர்ச் சுடும் சங்கத்தில் நான் சேர்ந்தது ஒரு திறந்த நாளில், உருளைக்கிழங்கு சலாட் சாப்பிடப் போய். சும்மா ஒருமுறை பிடித்துப் பார் என்றார்கள். பிடித்தேன். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் ஒரு சின்ன வெறுமை இருக்கிறது. அதற்குள் நின்றுகொண்டுதான் விசையை இழுக்க வேண்டும். சோறு வடிக்கும்போது அடுத்த நாள் வேலையையும், வேலையில் பாதியில் நிற்கும் கதையின் எழுதாத வரியையும், எழுதும்போது அடுப்பையும் நினைக்கிற ஒருத்திக்கு, அப்படி ஒரு இடம் உடம்புக்குள்ளேயே இருந்தது பெரிய செய்தி. அதன் பிறகு என்னை அங்கிருந்து எழுப்ப ஏலாமல் போய்விட்டது.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்குள் கதை பரவியது. ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டப வாசலில் வைத்தே ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, அக்கா துவக்குச் சுடுறாவாம். உண்மையோ?"

"ஓம்."

"அப்ப இனிக் கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு சொல்லேலாது."

"கறி வைக்கிறது நான்தான் தம்பி. உப்பைப் பற்றி அவதான் சொல்லோணும்" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காரில் ஏறியதும் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டார்.

அவர் ட்ராம் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். நான் சங்கத்தின் பொதுப் பிஸ்டல்களால் சுட்டுக்கொண்டிருந்தவரை ஒரு சொல் சொல்லவில்லை. சொந்தமாய் ஒன்று வாங்க அனுமதி கேட்டு அன்ட்ராக், விண்ணப்பம், போடப் போகிறேன் என்றபோதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"வீட்டுக்குள்ளையோ?"

"இரும்புப் பெட்டிக்குள்ள. சட்டப்படி. பூட்டின்ர திறப்பு என்னட்டை மட்டும்."

கனநேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "ஒண்டு. ஒண்டே ஒண்டு" என்றார். அது பெரிய கொடையென்று எனக்கு அப்போதே தெரிந்தது. பிறந்த ஊரில், யுத்த காலத்தில், துவக்குக்கு முன்னால் நின்றவர் அவர். அந்தக் கதையை நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.

ஒன்று என்றதும் எது என்ற கேள்வி வந்து குந்திக்கொண்டது.

சங்கத்தில் என் வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள். மிருக வைத்தியர். அவளிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வடிவம், ஆனால் அவளுக்கென்றே ஒரு துவக்குக் கம்மியர் மாதக்கணக்காய் இருந்து செய்தது. முழுக்க உருக்கு. மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடும்போது எண்ணெய்க்குள் எண்ணெய் ஓடுவது போலிருக்கும். அசைத்தால் ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. பிடியில் வால்நட் பலகை, ஆற்றுத் தண்ணீர் சுழிப்பது மாதிரி ரேகை. விசை கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி முறியும். முறிந்த பிறகுதான் முறிந்ததென்று தெரியும்.

அதன் பக்கத்தில் இந்தக் காலத்துப் பிஸ்டலை வைத்துப் பார்க்கக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் உடல். எல்லாக் கைக்கும் பொருந்த, பிடியின் முதுகைச் சின்னது நடுத்தரம் பெரியது என்று மாற்றிக்கொள்ளலாம். பாரமில்லை, சிக்காது, மழையில் விழுந்தாலும் கவலையில்லை, குண்டும் இரண்டு மடங்கு பிடிக்கும். விசை மட்டும் ஈரத் துணியைப் பிழிவது போல. என் பல் மெஷின் பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும்.

"என்னுடையதை வாங்கிக்கொள்" என்றாள் வைத்தியர் ஒருநாள். "எனக்கு இனி ஓடி ஓடிச் சுடுகிற போட்டிதான். இதோடு ஓடினால் ஒரு ஓவியத்தைக் கழற்றிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது."

"உன் கைக்குச் செய்தது."

"பிடித்துப் பார். கடிக்காது. கடிக்கிறதெல்லாம் என் கிளினிக்கில் இருக்கு."

பிடித்தேன். எத்தனை அச்சுகளைப் பொருத்திப் பார்த்த கை இது. பொருந்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பெருவிரலுக்கு ஒரு பள்ளம் இருந்தது, அது என் பெருவிரலின் பள்ளம். ஒரு கிழமை, ஏழு நாளும், அதைப் பற்றி மட்டும் நினைத்தேன். பொதுப் பயன் பார்த்துச் செய்த பொருள் உன்னை யாரென்று கேட்பதில்லை. ஒருத்திக்கென்று செய்தது கேட்கிறது. உன் பிழைகளைக்கூட அது உனக்கே தனியாய்க் காட்டித் தருகிறது. இப்படி எனக்குள் வாக்கியங்கள் ஓடத் தொடங்கினால் நான் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஆஹென் நகரில் ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வார முடிவுக்குள் சொல் என்றாள் வைத்தியர். என் கணவரையும் கூட்டிவந்து காட்டுகிறேன் என்றேன். அழகான சாமானைக் கண்டால் அவருடைய பயம் இளகும் என்று நினைத்தேன். ஊரில் அவர் கண்டது கறுப்புத் துவக்குகள்தானே. இது வேறு சாதி என்று கண்ணே சொல்லுமே.

ஞாயிறு காலை வந்தார். கம்பளித் தொப்பிக்கு மேலேயே காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் போல என் பின்னால் நின்றார். அன்றைக்குச் சுடுமிடத்தின் மேற்பார்வை வைத்தியர் கையில்தான். தன்னுடையதையும் சங்கத்தின் பிளாஸ்டிக் ஒன்றையும், குண்டு மகசினைக் கழற்றி, மேல்பாகம் திறந்தபடி, மேசையில் வைத்தாள். முதலில் பிளாஸ்டிக்கால் சுட்டேன். பிறகு அவளுடையதால். குறி அட்டையில் விழுந்த துளைகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எனக்குள் இருந்தது வித்தியாசம்.

"எப்பிடி?" என்றேன், அதை மேசையில் வைத்து, பிடியை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டு.

"நல்லாச் சுடுறீர்" என்றார். துவக்கைப் பற்றி ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

"எங்களை பஸ்ஸால இறக்கி ஆமிக் காம்புக்குக் கொண்டுபோனவங்கள். வாசல்ல காவலுக்கு நிண்ட பொடியன்ர துவக்குக்குப் பட்டி அறுந்து, சப்பாத்துக் கயித்தால கட்டியிருந்தான். அவனுக்கு அது ஒரு பாரம். தோள் மாத்தித் தோள் மாத்தி நிண்டான். தண்ணி கேட்டன், தந்தான்."

விளக்கு பச்சையானது.

"உள்ளுக்கை மேசையில காம்புப் பெரியவன். அவனிட்டை ஒரு கைத்துவக்கு. வெள்ளைப் பிடி, தந்தம் மாதிரி. நல்ல வடிவு, கண் எடுக்கேலாத அழகு. அதை லேஞ்சித் துணியால துடைச்சுத் துடைச்சுத்தான் கேள்வி கேட்டவன். ஒருக்காலும் எனக்கு நேர நீட்டேல்லை. ஒருக்காலும் என்ர முகத்தைப் பாக்கவுமில்லை. அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன்."

அவர் வேகத்தைக் குறைத்து ஒரு ட்ராமைப் போகவிட்டார்.

"கோவிக்காதையும். கடைசியா அதைக் கீழ வைக்கேக்கை, உம்மட முகமும் அப்பிடித்தான் கிடந்தது."

கோவித்தேன். நன்றாகவே கோவித்தேன். பீங்கானில் ஒரு பல்லின் ஓரத்து நீலத்தைக் கொண்டுவர நான் குனிந்திருக்கும்போதும் என் முகம் அப்படித்தான் இருக்கும், அதற்கு என்னை இராணுவக்காரன் என்பீர்களோ என்றேன். அழகை விரும்புகிறவர்கள் எல்லோரும் மனிதரை மறந்தவர்களோ என்றேன். நல்ல கேள்விகள். இப்போதும் அவை நல்ல கேள்விகள்தான் என்று நினைக்கிறேன். அவர் இன்டிக்கேற்றர் போட்டுத் திரும்பினார்.

"அப்பிடி நான் சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன். நீர் விருப்பமானதை வாங்கும். ஒண்டெண்டுதான் சொன்னனான், எதெண்டு சொல்லேல்லை."

அந்த வாரம் வேலையில் மெஷின் கடைந்த பற்களை ஒவ்வொன்றாய் ஒப்பமிட்டேன். யோசிக்க நல்ல வேலை அது. அவர் சொன்னது நியாயமா என்று நான் யோசிக்கவில்லை, நியாயமில்லை என்பது எனக்குத் தெளிவு. யோசித்தது வேறு. அந்த வால்நட் பிடியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க என்னால் ஏலாது. எனக்கு என்னைத் தெரியும். எண்ணெய் போட என்று எடுப்பேன், ரேகையைப் பார்க்க என்று எடுப்பேன், ஒரு வரி வராதபோது எடுப்பேன். அடுப்படியில், குசினி மேசையில் துணியை விரித்து நான் அதைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் தேத்தண்ணியோடு உள்ளே வருவார். கோப்பையை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார். அந்த ஒரு நடைதான் எனக்குத் தாங்காது.

வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆஹென்காரருக்கே கொடு, எனக்குப் பிளாஸ்டிக் போதும் என்றேன்.

"பிளாஸ்டிக்கா? நீயா?" என்று கத்தினாள். பின்னால் ஏதோ நாய் குரைத்தது. "ஒருத்தரும் பிளாஸ்டிக்கைக் காதலிக்கிறதில்லை."

"அதுக்காகத்தான்" என்றேன்.

எனக்கு இழப்பு இருந்தது. இல்லையென்று காட்ட மாட்டேன். அந்த விசை முறிகிற கணம் இன்னும் சுட்டுவிரலில் இருக்கிறது, சில காலைகளில் பல் துலக்கும்போது வருகிறது. ஆனால் அழகானதைக் கையால் அறிந்து, ஆசைப்பட்டு, பிறகு மற்றதை எடுத்தது நான்தான். விட்டுக்கொடுத்தேன் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். இல்லை, தேர்ந்தெடுத்தேன். பிடியின் முதுகில் சின்ன அளவைப் போட்டேன். ஈரத் துணி போன்ற அந்த விசையையும் விரல் பழகிக்கொண்டது. சங்கத்தின் அணியில் இருக்கிறேன், அதிலிருந்து என்னை எடுத்துவிட ஒருவரும் யோசிக்கவில்லை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, சுட்டதில் படிந்த மருந்துக் கறுப்பைத் துடைக்க வேண்டியிருந்தது. கழற்றித் துண்டு துண்டாய் மேசையில் வைத்திருந்தேன். அவர் கறிச்சட்டியை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். என்னைத்தான். பிறகு கிட்ட வந்து, பிளாஸ்டிக் உடலை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது வடிவில்லை" என்றார்.

"ஓம். வடிவேயில்லை."

"துளை போடுற மெஷின் மாதிரிக் கிடக்கு."

"அதுதான் அதின்ர வேலை."

எதிர்க் கதிரையை இழுத்து இருந்தார். நான் கழற்றி வைத்திருந்த சுருள்கம்பியை எடுத்து, இது எங்கே போகும் என்று கேட்டார். காட்டினேன். பிறகு அது சரியாய்ப் போய் இருந்ததா என்று என்னிடமே இரண்டாம் தரம் கேட்டார், ட்ராம் கதவு பூட்டியதா என்று பார்க்கிறவர் மாதிரி. இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு வந்தபோது இரண்டு தட்டிலும் சோறு போட்டிருந்தார்.

"உப்பு எப்பிடியெண்டு சொல்லும்" என்றார்.

கூடித்தான் போயிருந்தது. சொன்னேன்.