ரோட்டிலேயே ரத்தம் கொடுக்கப் போன அண்ணாச்சி

இன்று காலை வண்ணார்பேட்டையில் ஒரு பையன் பைக்கோடு லாரியில் மோதி விழுந்தான். தொடையிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் காயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பெயிண்ட் வாங்கிக்கொண்டிருந்த கடையின் அண்ணாச்சி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடினார்.

"ஏம்மா, எனக்கு ஓ பாசிட்டிவ். இங்கனயே எடுத்து இவனுக்கு ஏத்து."

"சோதிக்காம ஏத்தக் கூடாது அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"வெளிநாட்டுல வண்டிலயே ரத்தம் வச்சு, ரோட்டுலயே ஏத்துதானுவ. போன்ல பாத்தேன்."

"நம்ம வண்டில சலைன்தான் இருக்கு. வழிய விடுங்க."

வழியை விட்டார். உடனே என் பைக்கின் பின்னால் ஏறி, "ஆம்புலன்ஸ் பின்னாலயே விடுலே" என்றார்.

ரத்த வங்கியில் அவருக்கு பிரஷர் பார்த்தார்கள். ரொம்ப அதிகம், எடுக்க முடியாது என்றார்கள்.

"ஒருத்தன் சாவக் கிடக்கான். பிரஷர் ஏறாம இறங்கவா செய்யும்?" என்று சண்டை போட்டார். அதில் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கடைசியில், ஊசியைக் கண்டாலே வியர்க்கும் என்னைப் படுக்கவைத்து எடுத்தார்கள்.

மாலையில் ஆபரேஷன் முடிந்தது. பையன் பிழைத்துவிட்டான். யார் என்ன சொன்னார்களோ, அவன் அம்மா ஓடிவந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒங்க ரத்தம்லா எம் பிள்ளைய காப்பாத்திச்சு."

அண்ணாச்சி ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு, "அழாதம்மா, நம்ம கடமைதான" என்றார்.

ஆம்புலன்ஸிலேயே ரத்தம் வைப்பது நம்மூருக்கு எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அண்ணாச்சி இனி அடிக்கடி கிளம்புவார் போலிருக்கிறது. நான் ஒருவன் எத்தனை பேருக்குக் கொடுப்பது?