கூட வந்தவர்

கும்மிடிப்பூண்டி பஜார் ஸ்கேன் சென்டரில் அன்று நல்ல கூட்டம். சீட்டு எழுதுகிற பெண் என் பெயரையும் வயதையும் எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்து, "நீங்க யாரு சார்?" என்று கேட்டாள். "கூட வந்திருக்கேன்" என்றார். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். "எங்க ஊட்டுக்காரருதாம்மா" என்று நான்தான் சொன்னேன்.

இது எனக்குப் புதிதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோதும் அப்படித்தான். வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக கம்பெனி கேட்டுக்கு வரும்போதும் அப்படித்தான். யார் கேட்டாலும் "கூட வந்திருக்கேன்" என்பார். பட்டாளத்தில் இருந்தவர், அளந்துதான் பேசுவார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெண்களுக்கு இந்த வேலை நன்றாக வரும். புருஷன் செய்கிற ஒவ்வொரு கோணல் வேலைக்கும் அவனிடம் இருப்பதைவிட நல்ல காரணம் நம்மிடம் தயாராக இருக்கும்.

எல்லையில் கண்ணிவெடியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊனமுற்ற படைவீரர் என்று பென்ஷன் வருகிறது. அதோடு இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி வேலை. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் தெரியாதவர்கள், கால் இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். என்னை அவருக்குக் கட்டி வைத்தது அவர் ஊர் திரும்பிய பிறகு. முருகன் கோயிலில் தாலி, பக்கத்து ஹோட்டலில் சாப்பாடு, கல்யாணம் முடிந்தது. எட்டு வருஷமாகிறது. குழந்தை இல்லை.

நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். ஷிப்ட் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. கர்ப்பப்பையில் கட்டி வந்து, மாதத்தில் பாதி நாள் ரத்தம் போக ஆரம்பித்ததும் என்னால் நிற்க முடியவில்லை. வேலையை விட்டேன். வேலையோடு சேர்ந்து தொழிலாளிகளுக்கான ஆஸ்பத்திரி வசதியும் போயிற்று. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "எடுத்துடறதுதான் நல்லது, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன். "மிலிட்டரிக்காரங்க குடும்பத்துக்கு வைத்தியம் பாக்கற அட்டை இருக்குதே, அதுல என் பேர் இருக்குதுல்ல?" அவர் குனிந்து காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். "திருவள்ளூர் ஆபீஸ்ல கேக்கணும்" என்றார். எட்டு வருஷம் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வலியில் தோன்றவில்லை.

பெரியபாளையம் போய் பஸ் மாறி திருவள்ளூருக்குப் போனோம். முன்னாள் படைவீரர்களுக்கான அந்த ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் இருந்தவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரெக்கார்டுல நீங்க பேச்சுலர் சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் என்றால் நாலு தப்பு இருக்கும்தானே. அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்தைப் பதிவு செய்த சான்று, ரெண்டு பேர் பேரும் உள்ள ரேஷன் கார்டு, ஜோடியாக எடுத்த போட்டோ, எல்லாம் வேண்டும் என்றார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கியது. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. என் பெயர் இன்னமும் கவரைப்பேட்டையில் என் அம்மா வீட்டு ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. அங்கே பேரை வெட்டி இங்கே சேர்க்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் இவர், "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். சோம்பேறித்தனம் என்று அதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

"அப்படியே, இவ்ளோ நாளு ஏன் சேர்க்கலன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க சார்" என்றார் மேஜைக்காரர். என் கணவர் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, அட்டென்ஷனில் நின்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பொறுத்தேன். அங்கே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்து, "ஏன் சேக்கல?" என்று கேட்டேன். ஊத்துக்கோட்டை பஸ் ஒன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் சொன்னார்.

"எனக்கு முன்ன ஒரு பொண்ணு நிச்சயம் ஆயிருந்துச்சின்னு சொன்னேன்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துச்சி. போர்வை தட்டையா கெடந்த எடத்தையே பாத்துக்கினு இருந்துச்சி. அப்புறம் வரல. அதும்மேல தப்பு இல்ல. நீயும் ஒரு நாளு என்ன உட்டுட்டுப் போவன்னு நெனச்சேன்மே. போவும்போது பேர வெட்டு, கையெழுத்து போடுன்னு நீ ஆபீஸ் ஆபீஸா அலையக்கூடாது. பேஜாரு இல்லாம போவணும். அதான்."

நான் எப்போதும் அவரை 'இன்னாங்க' என்றுதான் கூப்பிடுவேன். அன்று அது வாயில் வரவில்லை. "யோவ், எட்டு வருசமா கதவ தொறந்து வெச்சிக்கினா தூங்குன?" என்று கத்தினேன். பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை. வந்த பிறகும் இரண்டு நாள் பேசவில்லை.

கோபம் என்று சொன்னால் அது பாதிதான். அவமானமாக இருந்தது. அவர் காலில் புண் வந்தபோது மருந்து போட்டவள் நான். மழைக்காலத்தில் நள்ளிரவில் இல்லாத பாதம் வலிக்கிறது என்று அவர் முனகும்போது, வெறும் படுக்கையைத் தடவிக் கொடுத்தவள் நான். அத்தனையையும் இந்த மனிதர், போகப் போகிறவள் போகிறவரைக்கும் செய்கிறாள் என்று கணக்கில் வைத்திருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லா நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் கவரைப்பேட்டைக்குப் போனேன். பேர் நீக்க இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கார்டின் தலைவியான என் அம்மாவின் போனுக்கு ஒரு எண் வரும். அம்மா அதைச் சொன்னால் வேலை முடிந்தது. எண் வந்தது. அம்மா போனை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இருந்துட்டுப் போவுட்டுமேடி. உன் பேரு இன்னா, சோறா கேக்குது?"

"ஆப்பரேசனுக்கு வேணும்மா. சொல்லு."

"அவுரு நல்ல மனுசன்தான், நான் இன்னா சொல்றேன்? ஆனா காலு இல்லாதவரு. புள்ளையும் இல்ல. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா நீ எங்கடி போவ? உன் பேரு இங்க இருக்குதுன்னா எனக்கு ஒரு தைரியம்."

அந்த மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் போவதற்கு வசதியாக அந்த வீட்டில் ஒருவர், திரும்பி வருவதற்கு வசதியாக இந்த வீட்டில் ஒருத்தி. இரண்டு பேரும் என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். நடுவில் நான் ஒருத்திதான் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நம்பிக் குடித்தனம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எம்மா, நான் எங்கயும் போவலம்மா. எங்கயாவது போவப் போறேன்னு நான் உங்க யார்கிட்டயாவது சொன்னனா?" என்றேன். அம்மா முந்தானையிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

அங்கே நீக்கி இங்கே சேர்வதற்குள் கொஞ்ச நாள் இழுத்தது. அந்த நாட்களில் என் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை, அவருக்குத்தான் தூக்கம் போயிற்று. டூட்டி முடிந்து வந்ததும் காலைக்கூடக் கழற்றாமல் போனில் பார்ப்பார். "இன்னும் ஆவலம்மே. இப்ப உன் பேரு எங்கயுமே இல்ல" என்பார். "எனக்கு இருக்கறது இந்த ஒரு ஊடுதான். பிடிச்சாலும் இதான், பிடிக்கலன்னாலும் இதான். போய் கை கால் கழுவு" என்றேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு, "கழுவறதுக்கு ஒரு காலுதான் இருக்குது" என்றார். சண்டைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்தோம். பஜார் ஸ்டூடியோவில் தோள் உரசப் போட்டோ எடுத்தோம். திருவள்ளூரில் மேஜைக்காரர், தாமதத்துக்கான கடுதாசியில், விவரம் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று எல்லோரும் எழுதுகிற வரியையே எழுதச் சொன்னார். என் கணவர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிட்டது. ரெக்கார்டில் ஏறி அட்டை வர இன்னும் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. அலைந்தோம். படைவீரரைச் சார்ந்தவர் என்று என் பெயரும் முகமும் போட்ட அட்டை ஒரு நாள் கைக்கு வந்தது. யார் யாரைச் சார்ந்து இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த அட்டை குழம்பிப் போகும். இருக்கட்டும், வைத்தியம் பார்த்தால் சரி.

ஆப்பரேஷன் அன்று காலை பச்சை கவுன் மாட்டி என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். தியேட்டர் வாசலில் ஒரு சின்ன நர்ஸ், சம்மதக் காகிதத்தோடு என் கணவர் பக்கம் திரும்பினாள். ஸ்கேன் சென்டர் எனக்கு நினைவுக்கு வந்தது. என் வயிற்றில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்ற பயத்தைவிட, இவர் இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. எழுந்து நானே சொல்லிவிடலாம் என்றால், கையில் ஊசி ஏற்றி வைத்திருந்தார்கள்.

"பேரு சொல்லுங்க சார்" என்றாள் நர்ஸ்.

அவர் நிமிர்ந்து நின்றார். "ஹஸ்பெண்டு" என்றார், அந்த வராண்டா முழுக்கக் கேட்கும்படி.

"அய்யோ, உங்க பேரு கேட்டேன் சார்."

பேரைச் சொன்னார், பழக்கதோஷத்தில் பட்டாளத்து நம்பரையும் சேர்த்து. நர்ஸ் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். கதவு மூடுகிறவரை அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.