சரோஜா மெஸ்ஸில் இன்று சைபர்

கருங்குழி பஸ் ஸ்டாப்பில் இறங்கி சரோஜா மெஸ் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் தொண்டையே வழி காட்டிவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அலறிக்கொண்டு போகும் லாரி ஹாரனையும் தாண்டிக் கேட்கிற தொண்டை அது. "இன்னாய்யா, இட்லிய மொறைச்சிகினே கீற? அது உன்னக் கடிக்காது, நீதான் அதக் கடிக்கணும்!" என்று யாரையாவது விரட்டிக்கொண்டே இருப்பாள். அவளிடம் நாலு திட்டு வாங்கினால்தான் சாப்பிட்டது செரிக்கும் என்று மகாபலிபுரம் டூரிஸ்ட் வேன் டிரைவர்கள் சுற்றுவழியில் வந்து சாப்பிட்டுப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட சரோஜா 2001 தை மாதத்தில் மஞ்சளாகிப் போனாள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்தால், கணையத்தின் தலைப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய். அதுதான் பித்தக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது.

ஏழு மணி நேரம் ஆபரேஷன். கணையத்தில் பாதி, பித்தப்பை, குடலில் ஒரு துண்டு என்று எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தார்கள். கண் விழித்த சரோஜா சொன்ன முதல் வார்த்தை: "வவுத்துக்குள்ள பிளம்பர் வேலையே பாத்துட்டானுங்க!"

பக்கத்துக் கட்டிலில் படூரிலிருந்து வந்த ரெபேக்காள் டீச்சர் இருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன்தான். ரத்தத்தில் சி.ஏ. பத்தொன்பது-ஒன்பது என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, தனக்கு முன்பு தொள்ளாயிரம் இருந்தது, கட்டியை எடுத்ததும் இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது, முப்பத்தேழைத் தாண்டாத வரைக்கும் நிம்மதி என்று டீச்சர் விளக்கினார். சரோஜா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதம் மருந்து ஏற்றி முடித்து வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஆஸ்பத்திரி ஃபைலை அப்படியே மூட்டை கட்டியதுதான். "இதுல பீடை கீதுய்யா. வெளக்கேத்துற வூட்ல கண்ணுக்கு முன்னாடி இது இருக்கவே கூடாது." அவள் புருஷன் தாமோதரன் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். மாவாட்டுவார், சாம்பார் கொதிக்கவிடுவார், சரோஜா சொன்னதைச் செய்வார். ஃபைலைத் துணியில் சுற்றி, நடுவில் ஒரு கொத்து வேப்பிலை வைத்து முடிந்து பரண்மேல் ஏற்றினார். சென்னை ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டு பேருமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை. எதற்குப் போக வேண்டும்? அந்த டெஸ்ட்டை எடுக்கச் செங்கல்பட்டிலேயே லேப் இருக்கிறதே!

முதல் ரிப்போர்ட் 0.8 என்று வந்தது. முப்பத்தேழு எங்கே, இது எங்கே! சைபர் என்றே வைத்துக்கொள்ளலாம். தாமோதரன் அந்தத் தாளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். மெஸ் வாசலில் இருந்த கரும்பலகையில் பூரி, பொங்கலையெல்லாம் அழித்துவிட்டு, "இன்று சைபர். நாஸ்தா ஃப்ரீ" என்று எழுதினார். மூன்று மாதம் கழித்து 0.7. அப்புறம் மறுபடி 0.8. ஒவ்வொரு தடவையும் சந்தனம், ஒவ்வொரு தடவையும் நாஸ்தா. "அண்ணி, அடுத்த சைபர் எப்போ?" என்று வேன் டிரைவர் முனிசாமி நாள் எண்ண ஆரம்பித்துவிட்டான். "வவுறு காஞ்சவனே, எனக்கு ரத்தம் எடுத்தா உனக்குப் பசிக்குதா!" என்று அவனை விரட்டிக்கொண்டே இன்னொரு வடையை வைப்பாள். முப்பத்தெட்டு கிலோவுக்கு இளைத்திருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள்.

எட்டாவது சைபர் 2003 ஆவணியில் வந்தது. செங்கல்பட்டுக்குப் புதிதாக வந்திருந்த சர்ஜன் டாக்டர் சுப்ரஜா, மதுராந்தகத்திலிருந்து திரும்பும் வழியில் பசிக்கிறதே என்று அன்றைக்குப் பார்த்து மெஸ்ஸுக்குள் நுழைந்தார். பலகையைப் படித்துவிட்டு, "அது என்னம்மா சைபர்?" என்று கேட்டார். கேட்க வேண்டுமா! கீழாநெல்லியில் தொடங்கி எட்டாவது ரிப்போர்ட் வரைக்கும் சரோஜா ஒப்பித்து முடித்தாள்.

பொங்கலை எடுத்த டாக்டரின் கை பாதியிலேயே நின்றது. "ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது?"

"முன்னாடியா? ஆயிரம் இருந்திருக்கும், வேற இன்னா!"

"பார்த்தீங்களா?"

"அந்தக் காயிதம் பரண்ல கீது. அத்த எடுக்கக் கூடாதும்மா."

"நான் பார்க்கணும். எடுத்துட்டு வாங்க."

தாமோதரன் சரோஜாவின் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்காததால் ஏணியைப் போட்டு ஏறினார். முடிச்சை அவிழ்த்ததும் வேப்பிலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஃபைலைப் புரட்டிய டாக்டர் ஒரு தாளை எடுத்துத் தனியாக வைத்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்த டெஸ்ட். கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆளையே மஞ்சளாக்கி வைத்திருந்த அன்றைக்கும் 0.7.

"நூத்துல அஞ்சாறு பேருக்கு ரத்தத்துல இந்த டெஸ்ட் அளக்கிற பொருள் உண்டாகவே உண்டாகாதும்மா. பிறவியிலேயே அப்படி. நீங்க அதுல ஒருத்தர். கட்டி இருந்தாலும் உங்களுக்கு சைபர்தான், இல்லாட்டியும் சைபர்தான்." டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியையும் டாக்டர் தமிழில் படித்துக் காட்டினார். இந்த டெஸ்ட் இவருக்குப் பயன்படாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அது வேப்பிலையோடு பரணில் கிடந்திருக்கிறது.

"அப்போ அது திரும்பி வந்துகினு இருந்தாக்கூட இந்த சைபரு சொல்லாதா?"

"சொல்லாது."

சரோஜா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். காலை வேளையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்து ரிசல்ட் வருவதற்கு நான்கு நாள் ஆனது. பாவம், அந்த நான்கு நாளும் அவள் பட்ட பாடு! ஏப்பம் வந்தாலும் பயம், முதுகு பிடித்தாலும் பயம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் கண்ணை விரித்துப் பார்த்து மஞ்சள் தெரிகிறதா என்று தேடினாள். ஒருத்தரையும் திட்டவில்லை. மெஸ்ஸில் தட்டுச் சத்தம்தான் கேட்டது. முனிசாமியால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே சட்னிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "அண்ணி, ஒரு வார்த்த திட்டு அண்ணி, பேஜாரா கீது" என்று கெஞ்சினான். அவள் பேசாமல் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் சுப்ரஜா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். தாமோதரனின் கண் அந்த விரலோடேயே போனது.

"சுத்தமா இருக்கும்மா. எங்கேயும் ஒண்ணும் இல்லை."

அதுவரைக்கும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத தாமோதரன் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். "யோவ், நல்ல சேதிய்யா! எதுக்கு ஒப்பாரி?" என்று அதட்டிய சரோஜாவின் கன்னத்திலும் தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது.

டாக்டர் விடவில்லை. "ரெண்டு வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்திருக்கீங்க. ஏதாவது வளர்ந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஏதோ நல்ல நேரம், தப்பிச்சீங்க."

"தப்புதாம்மா. கன்னத்துல போட்டுக்கறேன்." நிஜமாகவே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளும்மா. அது உதவாத சைபருன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, ரெண்டு வருசமும் நான் இந்த நாலு நாளு மாதிரியே கெடந்திருப்பேன். தெரியாததால ராணியாட்டம் வாழ்ந்துட்டேன். சைபரு பொய்யா இருக்கட்டும். நான் சிரிச்சது பொய்யில்லியே?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாசி மாதத்தில் ஒரு தேதியைச் சீட்டில் எழுதினார். "இனிமே ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் மட்டும்தான். நடுவுல தைரியம் சொல்ல எந்த நம்பரும் கிடையாது. பயம் வருமே, சமாளிப்பீங்களா?"

சரோஜா சீட்டை வாங்கி இடுப்பில் செருகினாள். முந்தானையால் மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமிக்கொண்டாள். நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த குரல் கதவைத் தாண்டி வெளியே காத்திருந்தவர்கள் வரைக்கும் போனது.

"பயம் வந்தா வரட்டும்மா! அது இன்னா பெரிய இவனா? அத்தையும் ஒக்கார வெச்சி, ரெண்டு இட்லி போட்டு, நாலு திட்டு திட்டி அனுப்பறேன்."