சிவப்புக் கோட்டுக்கு மேலே

ஊரில் அவரைப் பூட்டு என்றுதான் சொல்வார்கள். மதகுச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, அதில் கைமுட்டி அளவுக்கு ஒரு பூட்டும் தொங்கவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மனுஷருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முகமும் அப்படித்தான். யாராவது சிரித்துக்கொண்டு வந்தால், தண்ணீர் கேட்கத்தான் வருகிறான் என்று பாதி வழியிலேயே முறைத்து அனுப்பிவிடுவார். மேட்டு வயல்காரர்களுக்கும் அவரைப் பிடிக்காது, பள்ளத்து வயல்காரர்களுக்கும் பிடிக்காது. அவருக்கும் ஒருத்தரையும் பிடிக்காது. அந்த மட்டில் கணக்கு நேராகிவிட்டது.

வேலை என்னவோ எளிமையானதுதான். பெரிய வாய்க்காலிலிருந்து கிளைவாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு. கொஞ்சம் தள்ளி, கிளைவாய்க்காலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். தண்ணீர் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் சலசலவென்று விழும். சுவருக்கு முன்னால் ஓர் அளவுகோல் நட்டு, அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் கோட்டில் நின்றால் உரிய பங்கு போகிறது என்று அர்த்தம். மேலே ஏறினால் மதகை இறக்க வேண்டும், கீழே போனால் உயர்த்த வேண்டும்.

அவர் பொறுப்பில் இருந்த மதகுகளில் இந்த ஒன்றின் தண்ணீரை நம்பி இருந்தது ஒரே ஒரு வயல், பூட்டினுடைய தங்கை வீட்டு வயல். தங்கை புருஷனுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். "அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் அந்த ஆள் சொன்னது பூட்டின் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்று மூண்டது அணையவே இல்லை.

இந்தக் கோடையில், தங்கையின் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயம். ஒரு காலையில் பூட்டு மதகடிக்கு வந்தபோது சுவரில் தண்ணீர் விழும் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தார். வயலுக்குள் தண்ணீர் சீக்கிரம் ஏறட்டும் என்று மாப்பிள்ளை சுவரைத் தாண்டி, வயல் மடைக்கு அப்பால் வாய்க்காலின் குறுக்கே மண்மூட்டைகளை அடுக்கியிருந்தான். தண்ணீர் தேங்கிப் பின்னால் நிறைந்து, சுவரையே மூழ்கடித்திருந்தது. ஓட்டம் கூடவில்லை; அளவுகோலில் மட்டும் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

மூட்டையை எடு என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. பூட்டு கொடுக்கவில்லை. கோட்டுக்கு மேலே தண்ணீர், ஆகவே மதகை இறக்கினார். விதி விதிதானே! வரத்து குறைந்ததும் அந்த அறிவுக்கொழுந்து இன்னும் மூட்டை போட்டான். தண்ணீர் மறுபடி கோட்டைத் தாண்டியது, இவர் மறுபடி இறக்கினார். அவருக்கு வயிறு குளிர்ந்தது.

மாப்பிள்ளை பாய்ந்து வந்தான். மச்சான் என்று கூப்பிடுவதையெல்லாம் எப்போதோ விட்டாயிற்று.

"யோவ், வேணும்னே தண்ணிய நிறுத்துறியா?"

"கோட்டைப் பாரு. உன் பங்குக்கு மேலயே நிக்குது."

"வயலு வெடிச்சுக் கெடக்குது, கோடாம் கோடு!"

"கண்ணு தெரியுதுல்ல? பாரு."

பார்த்தான். தண்ணீர் கோட்டுக்கு மேலேதான் நின்றது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான்.

சில நாள் கழித்துத் தங்கையே வந்தாள். அவரை அண்ணே என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வாய்தான் இருந்தது.

"அண்ணே, கோவத்தை அவர்கிட்ட வச்சுக்கோ. பயிரு காயுதுண்ணே. என்னதான் ஆச்சு, நீயாவது சொல்லேன்."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து, கரையில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாப்பிள்ளை கண்ணில் பட்டான்.

"கோட்டைப் பாரு" என்றார்.

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. அப்பா இதே மதகில் வேலை பார்த்த காலத்தில் தினமும் சோறு கொண்டு வந்தவள் அவள். "சத்தமே இல்லையே" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள். தேங்கியதெல்லாம் ஓடியது. சுவரில் தண்ணீர் நூலாக விழுந்தது. அளவுகோலில் கோட்டுக்கு வெகு கீழே போய் நின்றது.

"இது உனக்குத் தெரியும்" என்றாள்.

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"இப்ப நான் கேட்டேனே?"

பூட்டு சக்கரத்தைச் சுற்றி மதகை உயர்த்தினார். அன்றே தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது. ஆனால் மணி பிடிக்கிற பருவம் தண்ணீருக்காகக் காத்திருக்குமா?

அறுவடை சமயத்தில் அவள் தனியாக மதகடிக்கு வந்தாள். உரித்த கதிர் ஒன்றைச் சக்கரத்தின்மேல் வைத்தாள். பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே நாலு மணி, மற்றபடி வெறும் சக்கை. பூட்டு அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார்.

அவள் கோபமே இல்லாமல், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

"இப்பத் தண்ணி நல்லா வருதுங்க, மதகுக்காரரே."